பின்சீட்டின் இடப்பக்கம்

கார் லீசு அடுத்த மாசத்தோடு முடிகிறது, என்ன செய்வதாக உத்தேசம் என்று பர்சனல் ஆபீசர் அம்மா கேட்டபோது, ஜெயிலில் இருப்பவனிடம் விடுதலைத் தேதியைச் சொன்னது மாதிரி இருந்தது எனக்கு. முகத்தில் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. யோசித்துச் சொல்கிறேன் மேடம் என்று மட்டும் சொல்லிவிட்டு அச்சும் கருவியும் செய்கிற டூல் ரூமுக்குத் திரும்பினேன். அன்று சாயங்காலம் வரை எந்த மெஷின் ஓடியது, எது நின்றது என்று எனக்கு ஞாபகமில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அம்பத்தூர் எஸ்டேட்டில் கொஞ்சம் வசதியான கம்பெனிகள் ஆபீசர்களுக்கு லீசில் கார் கொடுக்க ஆரம்பித்திருந்தன. வண்டி ஒரு பைனான்ஸ் கம்பெனியுடையது. மாசா மாசம் வாடகையை எங்கள் கம்பெனி கட்டிவிடும். ஓட்டுவது நாங்கள். நாலு வருஷம் முடிந்ததும் மூன்று வழி உண்டு. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு போகலாம். மிச்ச விலையைக் கட்டி அதே வண்டியைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். இரண்டும் வேண்டாமென்றால் புது வண்டிக்குக் கையெழுத்துப் போட்டு இன்னொரு நாலு வருஷம் ஓட்டலாம். ஆனால் அப்படி எடுத்தால் அந்த நாலு வருஷமும் கம்பெனியை விட்டு நகரக் கூடாது.

எனக்கு அந்தக் கார் கிடைத்ததே ஒரு கதை. நான் டிப்ளமோ படித்துவிட்டு டூல் ரூமில் சேர்ந்து, மெல்ல மெல்ல மேலே வந்தவன். காருக்குத் தகுதியான கிரேடில் நான் இல்லை. எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர்தான் மேலிடத்தில் பேசி என்னை ஒரு படி ஏற்றிவிட்டு, காரையும் வாங்கிக் கொடுத்தார். அவர் வீடு கரையான்சாவடியில், மெயின் ரோட்டு மேலேயே இருந்தது. என் வீடு பூந்தமல்லியில். எஸ்டேட்டுக்குப் போகிற வழியில்தான் அவர் வீடு. அவருக்குக் கார் ஓட்ட வராது. ஒரு தடவை கற்றுக்கொள்ளப் போய், தெருமுனை அடிபம்பில் மோதி, அன்றோடு ஸ்டீரிங்கைத் தொடுவதில்லை என்று வைத்துவிட்டார். போகும்போது என்னையும் ஏற்றிக்கொண்டு போய்விடு என்றார். கரும்பு தின்னக் கூலியா வேண்டும்? ஸ்கூட்டரில் மழையிலும் தூசியிலும் போய்வந்துகொண்டிருந்தவன் நான். அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன்.

முதல் நாள் காலையில் அவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, முன்சீட்டில் கிடந்த என் சாப்பாட்டுப் பையை எடுத்துப் பின்னால் வைத்து, அவருக்கு இடம் பண்ணி வைத்திருந்தேன். கையில் பேப்பரோடு வந்தார். நேராகப் போய்ப் பின்சீட்டில் இடப்பக்கம் உட்கார்ந்தார். என் சாப்பாட்டுப் பையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, "முன்னாடி வெயில் மூஞ்சில அடிக்கும்பா" என்றார்.

வாஸ்தவம்தான். காலையில் வானகரம் வரைக்கும் கிழக்கு நோக்கித்தான் போக வேண்டும். வெயில் முகத்தில்தான் அடிக்கும். சாயங்காலம் திரும்பும்போது மேற்கு. அப்போதும் முகத்தில்தான் அடித்தது. ஆக, சூரியன் இரண்டு வேளையும் அவர் பக்கமே இருந்தது. ஐப்பசி மாசத்தில் வானம் நாள் கணக்கில் மூடிக் கிடந்து, அயனம்பாக்கம் ஏரி ரோடு வரைக்கும் தளும்பிக்கொண்டிருந்தபோதும் அவர் பின்னால்தான் உட்கார்ந்தார். பின்சீட்டில் ஒருத்தர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டு வந்தால், முன்னால் ஓட்டுகிறவன் யார் என்று ரோட்டில் போகிற யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் வைக்கிற சல்யூட் என் காதோரமாகப் பின்னால் போகும்.

பேச்சிலும் ஒரு கணக்கு வைத்திருந்தார். தொழிற்சாலைக்குள் நான் அவருக்கு 'நீங்க'. ட்ரையல் முடிச்சிட்டீங்களா, டிராயிங் பார்த்தீங்களா என்று மரியாதையாகத்தான் கேட்பார். சாயங்காலம் வண்டி கேட்டைத் தாண்டியதும் நான் 'நீ' ஆகிவிடுவேன். காலையில் மறுபடி கேட்டுக்குள் நுழையும்போது 'நீங்க' வந்துவிடும். ஒரு நாள்கூட மாறிப்போனதில்லை.

ஒரு தடவை வானகரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில், எங்களுக்குச் சாமான் சப்ளை செய்கிறவர் வீட்டு ரிசப்ஷன். இரண்டு பேருக்கும் தனித்தனிப் பத்திரிகை வந்திருந்தது. அவரை வாசலில் இறக்கிவிட்டு, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வந்தேன். சந்தனம் கொடுக்க நின்றிருந்தவர் நான் வண்டியிலிருந்து இறங்கியதைப் பார்த்திருக்கிறார். டிரைவர் சாப்பாடு பின்பக்கம் என்று கையைக் காட்டினார். நல்ல மனசோடுதான் சொன்னார், பசியோடு போகாதே என்கிற அக்கறை. நான் இன்ன கம்பெனியில் இன்ன வேலையில் இருக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வண்டிக்கே திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன். மேனேஜர் வெற்றிலை மென்றுகொண்டு வந்து, சாப்பாடு பிரமாதம் இல்ல, என்றார். ஆமாம் சார் என்றேன். அன்று அவர் மேல் வந்ததைவிட என் மேல்தான் எனக்கு ஆத்திரம் அதிகம்.

இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். வேறு யாராவது பின்னால் உட்கார்ந்திருந்தால் எனக்கும் பெரிய விஷயமாக இருந்திருக்காது. திருமழிசை தாண்டி, குத்தம்பாக்கத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஏரிப் பாசனத்தில் நல்ல நிலமெல்லாம் மேனேஜர் குடும்பத்துடையது. அந்த நிலத்தில் வேலை செய்தவர்கள் என் அப்பாவும் அம்மாவும். களத்துமேட்டில் அவர்களோடு நானும் இருந்திருக்கிறேன். எண்பதுகளின் ஆரம்பத்தில் அப்பாவுக்கு ஒரு தொழிற்சாலையில் லோடு ஏற்றும் வேலை கிடைத்து நாங்கள் பூந்தமல்லிக்கு வந்தோம். அவர்களும் நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்று, கரையான்சாவடியில் மாடி வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். மேனேஜரின் அப்பா, பெரியவர், காலமானார். மகன் இஞ்சினியர். அப்பா இன்றைக்கும் அவரைச் 'சின்னவரு' என்றுதான் சொல்வார்.

அவர் கெட்டவரில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது லீவு கேட்கும் முன்பே, போய் அம்மாவைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார். தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்குத் தனியாக ஒரு ஸ்வீட் டப்பா வரும். நாங்க ரெண்டு பேரும் ஒரே ஊரு என்று கம்பெனியில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார். அந்த ஒரே ஊரில் எங்கள் இரண்டு பேர் வீட்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அவர் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை.

வீட்டில் இதை முழுசாகத் தெரிந்துவைத்திருந்தது என் மனைவி மட்டும்தான். பால்வாடி ஆசிரியை அவள். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே எது எதற்கு அழப்போகிறது என்று கண்டுபிடிக்கிறவளுக்கு நான் எம்மாத்திரம். லீசு முடியப்போகிறது என்று சொன்னதுமே, "குடுத்துட்டு வா. பழைய மாதிரி ஸ்கூட்டர்ல போ. உன் மூஞ்சியாவது நல்லா இருக்கும்" என்றாள். நானும் அந்த முடிவில்தான் இருந்தேன். கார் போனால் பின்சீட்டும் போகும். அவர் கம்பெனி வேனில் வந்துகொள்ளட்டும்.

ஆனால் எனக்கு முன்னால் வேறொருவர் முடிவு செய்துவிட்டார். வேலப்பன்சாவடி தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறோம். பின்னாலிருந்து பேப்பரை மடிக்கும் சத்தம் கேட்டது. எம்.டி.யிடம் பேசிவிட்டதாகவும், எனக்குப் புது மாடல் வண்டிக்குச் சொல்லியிருப்பதாகவும், ஏ.சி.யோடு வருகிறதென்றும் சொன்னார். கலரும் அவரே தேர்ந்தெடுத்துவிட்டார், சாம்பல். அப்புறம் சொன்னார்: "நேத்து ஷோரூம்ல உக்காந்து பாத்தேன். பின்னாடி கால் நீட்ட நல்லா எடம் கீதுப்பா."

எதிரே மணல் லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. கியரை மாற்றினேன். நாலு வருஷம் எனக்குள்ளேயே பேசிப் பேசிப் பழகியிருந்த அத்தனை வசனமும் அப்போது எங்கே போயின என்று தெரியவில்லை. சரி சார் என்றேன். அத்திப்பட்டு வரும்வரை ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கை வலித்தது. நான் ஓட்டப்போகிற வண்டிக்கு அவர் ஷோரூமில் போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். முன்சீட்டில் உட்கார்ந்து பார்க்க என்னைக் கூப்பிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டில் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். புது வண்டியும் வேண்டாம், பழைய வண்டியும் வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன். மனைவி எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அப்பா கை சோற்றில் அப்படியே நின்றுவிட்டது.

"அப்ப சின்னவரு எதுல போவாரு?" என்று கேட்டார். கம்பெனி வேன் இருக்கிறது என்றேன். "நம்ம வண்டில வரமாட்டாரா?" மாட்டார் என்றேன். அப்பா பாதி சோற்றோடு எழுந்து கை கழுவிக்கொண்டார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். தினம் காலையில் நான் கிளம்புவதற்கு முன்பே அப்பா வீட்டிலிருந்து நடந்து போய்விடுவார். ரிட்டயர் ஆனவர், காலாற நடக்கிறார் என்று முதலில் நினைத்தேன். அவர் போகிற இடம், மேனேஜர் வீட்டுக்கு நேர் எதிரே ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த டீக்கடை. நான் வண்டியை நிறுத்தும்போது கிளாசும் கையுமாக நிற்பார். என்னைப் பார்த்துக் கையசைக்க மாட்டார், சிரிக்க மாட்டார். யாரோ எவரோ மாதிரி நின்று பார்ப்பார். எங்கள் தெருவிலேயே டீக்கடைகள் இருக்கும்போது எதற்கு இவ்வளவு தூரம் என்று கேட்டால், அங்கே டீ நன்றாக இருக்கிறது என்பார். ஒரு தடவை அங்கே நானும் குடித்திருக்கிறேன். வெந்நீர்.

மறுநாள் காலையில் அப்பா டீக்கடைக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, எதற்கு இப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். அந்த ஆள் தினமும் பின்சீட்டில் உட்கார்ந்து வருகிறார், என்னைப் பார்க்கிறவனெல்லாம் டிரைவர் என்கிறான், இது உனக்குத் தெரியுமா என்றும் கேட்டுவிட்டேன். வேண்டுமென்றே கொஞ்சம் குரலை உயர்த்தித்தான் கேட்டேன்.

அப்பா எழுந்து உட்கார்ந்தார். "ஊர்ல அந்த ஊட்டு வாசல்ல நானும் உங்கம்மாவும் எவ்ளோ நேரம் நின்னுகினு இருப்போம் தெரியுமா? உள்ள இருந்து எப்ப கூப்புடுவாங்கன்னு. வெயிலோ மழையோ நிக்கணும். இப்ப அந்த ஊட்டுப் புள்ள வாசல்ல நின்னுகினு, நம்ம வண்டி எப்ப வரும்னு ரோட்டப் பாத்துகினு கீறாரு. அத்தப் பாக்கத்தான் நைனா நான் போறேன்."

இருவரும் ஒரே காட்சியைத்தான் தினமும் பார்த்திருக்கிறோம். அப்பா ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார். அங்கிருந்து தெரிந்தது ஒரு வீட்டு வாசலில் காத்திருக்கிற ஆள். நான் ஸ்டீரிங்கின் பின்னால் இருந்து பார்த்தேன். எனக்குத் தெரிந்தது முதுகுக்குப் பின்னால் விரிந்திருக்கிற பேப்பர். அவருக்கு அது ஆயுசு முழுக்கக் கிடைக்காத சந்தோஷம். எனக்கு அது தினசரிக் கசப்பு மருந்து. என் கசப்பைத் துப்ப வேண்டுமென்றால் அவர் வாயிலிருந்து சர்க்கரையைப் பிடுங்க வேண்டும்.

இருதலைக்கொள்ளி எறும்பு என்று பள்ளிக்கூடத்தில் எழுதிப் பழகியிருக்கிறேன். அந்த எறும்பு என்ன பாடு பட்டிருக்கும் என்று அந்த வாரம்தான் தெரிந்தது. திருப்பிக் கொடுத்தால் அப்பா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். புதுசு எடுத்தால் கால் நீட்ட இடத்தோடு இன்னும் நாலு வருஷம். பர்சனல் ஆபீசர் அம்மா ஒரு தடவை ஞாபகப்படுத்தினார், இன்னொரு தடவை கொஞ்சம் கடுமையாக ஞாபகப்படுத்தினார். மேனேஜர், சாம்பல் கலருக்கு டிமாண்ட் இருக்கிறதாம், சீக்கிரம் கையெழுத்துப் போடு என்றார். எல்லோருக்கும் சரி சரி என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். வீட்டில் சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தேன்.

மிச்சமிருந்த இன்னொரு வழியை நான் யோசிக்காமலே இருந்தேன். ஒரு நாள் தனியாக வண்டியைக் கழுவிக்கொண்டிருக்கும்போது அது தோன்றியது. இந்த வண்டியையே வாங்கிவிட்டால்? இதுவரை இது கம்பெனி வண்டி. அவர் பேசி வாங்கிக் கொடுத்த வண்டி. அவருக்கு இதில் ஒரு பாத்தியதை இருக்கிறது என்று அவரும் நினைத்தார், சொல்லப்போனால் நானும் நினைத்தேன். அதனால்தான் வாய் அடைத்துப்போயிருந்தது. என் பேருக்கு வந்துவிட்டால் அப்புறம் யார் எங்கே உட்கார வேண்டும் என்று நான் சொல்லலாம். முன்னால் உட்கார்ந்தால் வாருங்கள், இல்லாவிட்டால் வேனில் வாருங்கள். அப்பாவுக்கும் அவருடைய காலைக் காட்சி நிற்காது. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. இவ்வளவு சுலபமான விஷயத்தை இத்தனை நாள் எப்படிப் பார்க்காமல் இருந்தேன் என்று எனக்கே ஆச்சரியம்.

மனைவி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. திருப்பிக் கொடுக்கச் சொன்னால் விலைக்கு வாங்கிக்கொண்டு வருகிறாயே என்றாள். இது சாதாரண வண்டியாக இருக்காது, பார் என்றேன். பார்க்கலாம் என்றாள். அந்தப் 'பார்க்கலாம்' எனக்குப் பிடிக்கவில்லை.

மேனேஜரிடம் சொன்னபோது ஏ.சி. போய்விட்டதே என்று கொஞ்சம் முகம் சுருங்கினார். அவ்வளவுதான். உன் இஷ்டம், வண்டியும் நல்ல கண்டிஷனில்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்தார். வண்டி யார் பேரில் இருந்தால் என்ன, அவர் உட்காருகிற இடம் அங்கேயேதானே இருக்கிறது என்கிற நிம்மதி அந்தப் பேப்பர் விரிப்பில் தெரிந்தது. இருங்கள் சார், உங்களுக்கு இருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஆர்.சி. புத்தகத்தில் என் பேர் ஏறி வந்த அன்று அப்பா என் மனைவியை அதைப் படித்துக் காட்டச் சொன்னார். அவருக்குப் படிக்கத் தெரியாது. என் பேருக்கு அடுத்து, இன்னாருடைய மகன் என்று அவர் பேரும் இருந்தது. அதை மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு அதைக் கையில் வாங்கி, துண்டால் துடைத்து, சாமி படத்துக்கு அடியில் வைத்தார்.

என் திட்டம் இதுதான். அப்பாவுக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. அம்பத்தூரில் ஒரு கண் டாக்டரிடம் காட்ட வேண்டும். அதைச் சாக்காக வைத்து, வண்டி என் பேருக்கு வந்த பிறகு முதல் நாள் காலையில் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போவது. அவரைப் பின்சீட்டில் இடப்பக்கம் உட்காரவைப்பது. மேனேஜர் வந்து பார்க்கும்போது அவர் இடத்தில் அப்பா உட்கார்ந்திருப்பார். "முன்னாடி உட்காருங்க சார், பின்னாடி அப்பா இருக்காரு" என்று நான் சொல்வேன். கோபமில்லாமல், சாதாரணமாக, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரி. இந்த ஒரு வாக்கியத்தைக் குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அதற்கப்புறம் அவர் தினமும் முன்னால்தான் உட்காருவார். ஒரு தடவை மாறிவிட்டால் போதும்.

அந்தக் காலையில் அப்பா வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாகத் தயாராக வந்து முன்கதவுப் பக்கம் நின்றார். பின்னால் உட்காரச் சொன்னேன். வேண்டாம்பா, முன்னாடியே குந்திக்கிறேன் என்றார். எங்காவது குடும்பத்தோடு போனாலும் அவர் முன்னால்தான் உட்காருவார். நான் விடவில்லை. இன்றைக்கு வண்டி நம்முடையது, ராஜா மாதிரி பின்னால் உட்கார்ந்து வா என்று சொல்லி ஏற்றினேன். சீட்டு விளிம்பில் உட்கார்ந்து, முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டார். மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு வந்தபோது தெரிந்தவர் யாரையோ பார்த்துவிட்டு அப்பா கையை வெளியே நீட்டிக் காட்டினார். அதற்கப்புறம் கொஞ்சம் தைரியம் வந்தது போலிருக்கிறது. முதுகைச் சாய்த்துக்கொண்டார். கண்ணாடியில் பார்த்தேன். கடைகளையும் போகிறவர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அந்தச் சீட்டில் அப்படி ஒரு முகத்தைப் பார்க்கத்தான் நான் அந்த வண்டியையே வாங்கினேன் என்று தோன்றியது.

கரையான்சாவடியில் மேனேஜர் வழக்கம்போல வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓரம் கட்டினேன். என் வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வண்டி முழுசாக நிற்கக்கூட இல்லை, பின்னால் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அந்தக் கதவின் கைப்பிடி எங்கே இருக்கிறதென்றுகூட அப்பாவுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். அவர் இறங்கிவிட்டார். கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். தோளில் இருந்த துண்டு எப்போது கைக்கு வந்தது என்று நான் பார்க்கவில்லை.

"இன்னா, நல்லா கீறியா? எங்க கெளம்பிட்ட?" என்று மேனேஜர் கேட்டார். அப்பா அவரைவிட இருபது வயசாவது மூத்தவர்.

"சும்மாதாங்க. தம்பி கூட வந்தேன்."

முன்னால் ஏறிக்கொள்ளச் சொன்னார் மேனேஜர், தாராளமாகத்தான் சொன்னார். இருக்கட்டுங்க, நான் டீ குடித்துவிட்டுப் போய்க்கொள்கிறேன் என்றார் அப்பா. மேனேஜர் உட்கார்ந்து, வேட்டி கட்டின மனிதர்போல் பேன்ட்டைக் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டு, பையை மடியில் வைத்துக்கொள்ளும் வரை பொறுத்து, அப்பா இரண்டு கையாலும் கதவைச் சாத்தினார். என் வாக்கியத்தைச் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று. கண் டாக்டர் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. முதல் கியரைப் போட்டேன்.

கொஞ்ச தூரம் போனதும், "உங்கப்பாரு பழைய ஆளு. மரியாதை தெரிஞ்சவரு" என்றார் மேனேஜர். முதல் தடவையாக அப்பாவை அவர் 'ரு' போட்டுப் பேசினார். வானகரத்தில் நான் திருப்பிய வேகத்தில் ஒரு சைக்கிள்காரர் என்னைத் திட்டினார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு கோபத்தோடு நான் அவரிடம் பேசியதில்லை. யார் உன்னை இறங்கச் சொன்னது, யார் கதவைத் திறக்கச் சொன்னது, வண்டியை எதற்கு வாங்கினேன் என்று உனக்குத் தெரியுமா என்று கத்தினேன். மனைவி என்னைச் சமாதானப்படுத்த வரவில்லை. அப்பா பயந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் பயப்படவில்லை. எனக்கு ஏதோ விளங்கவில்லை போலிருக்கிறது என்கிற பரிதாபத்தோடு என்னைப் பார்த்தார்.

"இத்தினி நாளு அது கம்பெனி வண்டி. அவரே தொறந்துகினாரு, அவரே ஏறிகினாரு. இன்னிலேர்ந்து நம்ம வண்டி. நம்ம ஊட்டுக்கு ஒருத்தரு வந்தா நாமதான எந்திரிச்சி, வாங்கன்னு கூப்புடணும்? நமக்கு மரியாதை தெரியலன்னு சொல்லிட்டா?"

அவர் முகத்தில் வெட்கமோ பணிவோ துளிகூட இல்லை. வீட்டுக்காரரின் முகம் அது. விருந்துக்கு வந்தவரை வாசல் வரை போய்க் கூட்டிவந்த நிறைவு. அதோடு நான் என்ன சண்டை போடுவது? அது ஆயுசுக்கும் பழகிப்போன கை செய்த வேலையா, இல்லை அவர் சொன்ன மாதிரி வீட்டுக்காரரின் பெருமையா என்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. நான் செஞ்சது தப்பா நைனா என்று கேட்டார். தப்பில்லைப்பா என்றேன்.

மறுநாள் காலையில் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அப்பா துவைத்த வேட்டியில், எனக்கு முன்பே வந்து, பின்சீட்டில் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார். கரையான்சாவடி வரைக்கும்தான் வருகிறேன், அங்கே இறங்கி அவருக்கு இடம் விட்டுவிட்டு நடந்தே வந்துவிடுவேன், தினமும் இப்படியே வருகிறேனே என்றார். சரி என்று சொல்லி வண்டியை எடுத்தேன்.